நற்பணிக்காகக் கடலில் 50 கிலோமீட்டர்: பேடில்போர்டில் ஏறுவதற்கு முன்

கேள்வி இது: "இரண்டு வருடமாக ஏரியில் பேடில்போர்டு, அதாவது நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் பலகை, ஓட்டுகிறேன். ஒரே தடவையில் அதிகபட்சம் 15 கிலோமீட்டர் போயிருக்கிறேன். அடுத்த வருடம் கடலில் 50 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் சேர்ந்து, குழந்தைகளின் சிகிச்சைக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்குப் பணம் திரட்ட ஆசை. என்னால் முடியுமா? எங்கே தொடங்குவது?"

முடியும். பத்துப் பன்னிரண்டு மாதம் கையில் இருக்கிறது, 15 கிலோமீட்டர் தாங்குகிற உடம்பும் இருக்கிறது. தொடங்குவதற்கு இது போதும். ஆனால் பலகை, பயிற்சி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் பணத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். என்ன வாக்குக் கொடுத்துப் பணம் கேட்கிறீர்களோ, அந்த வாக்கும் உங்களோடு பலகையில் ஏறி வரும்.

நான் முதன்முதலில் இப்படி ஒரு பந்தயத்தில் இறங்கியபோது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நண்பர்களிடமும் உடன் வேலை செய்தவர்களிடமும் எழுதி வாங்கினேன். கேட்பதற்கு அது எளிதாக இருந்தது. அன்றைக்கு 31 கிலோமீட்டர் தாண்டிய நேரத்தில் காற்று திரும்பி எதிரே அடிக்க ஆரம்பித்தது. குடித்த தண்ணீர் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. துணைப்படகை ஓட்டியவர் இரண்டு தடவை "ஏறிவிடுங்கள்" என்றார். நான் ஏறவில்லை. மிச்சம் இருக்கும் 19 கிலோமீட்டருக்கு எவ்வளவு பணம் போய்விடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் போராடி இரண்டு கிலோமீட்டர்கூட நகரவில்லை. விரல்கள் துடுப்பைப் பிடிக்க மறுத்த பிறகுதான் என்னைத் தூக்கிப் படகில் போட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தால் எந்த நோயாளிக்கும் நன்மை இல்லை. என்னோடு படகில் வந்த இரண்டு பேரையும் சேர்த்து ஆபத்தில் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் நான் கேட்பதே இல்லை. நீங்களும் கேட்காதீர்கள். மொத்தமாக ஒரு தொகை கேளுங்கள். கேட்கும் பக்கத்திலேயே இப்படி எழுதிவிடுங்கள்: "வானிலை மோசமானால் பந்தயம் ரத்தாகலாம், அல்லது நான் பாதியில் திரும்பலாம். எப்படியானாலும் உங்கள் பணம் அறக்கட்டளைக்கே போகும்." இதைப் படித்துவிட்டுக் கொடுக்காமல் போனவர் என் அனுபவத்தில் ஒருவரும் இல்லை. கொடுப்பவர்கள் உங்கள் தூரத்தை விலைக்கு வாங்குவதில்லை. ஒரு காரியத்துக்கு உதவ உங்கள் வழியாக வருகிறார்கள். கூடுமானால் பந்தய நாளுக்கு முன்பே பெரும்பகுதியைத் திரட்டி முடித்துவிடுங்கள். கரையில் நிற்கும்போதே நன்கொடை வேலை முடிந்திருந்தால், கடலில் கடலை மட்டும் பார்க்கலாம்.

பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவே கூடாது. அறக்கட்டளை பதிவு பெற்றதா என்று பார்த்து, அவர்கள் பெயரில் திரட்ட எழுத்து மூலம் அனுமதி வாங்கி, நேராக அவர்களுக்கே போய்ச் சேரும் வழியைக் கேட்டு வாங்குங்கள். நுழைவுக் கட்டணம், படகு வாடகை, பயணச் செலவு ஆகியவை உங்கள் சொந்தப் பணம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வேறொருவர் அந்தச் செலவை ஏற்றால் அதையும் சொல்லுங்கள். கேட்கும்போது பொதுவாக எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். முதல் இருபது பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். யாரும் தராத பக்கத்தில் முதல் ஆளாகத் தர எவரும் தயங்குவார்கள்.

கடலுக்கும் நீங்கள் எடுத்த காரியத்துக்கும் உண்மையான தொடர்பு இருந்தால் அதைச் சொல்லத் தவறாதீர்கள். இதற்கு நல்ல உதாரணம், பஹாமாஸில் உள்ள பிமினி தீவிலிருந்து ஃபுளோரிடாவின் லேக் வொர்த் வரை நடக்கும் கடப்பு. ஏறத்தாழ 80 மைல், அதாவது 130 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, நள்ளிரவில் கிளம்புவார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் உள்ள மகளின் தந்தை ஒருவர் தொடங்கியது அது. அந்த நோயில் நுரையீரலில் சளி கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்கு ஆடும் நோயாளிகளின் நுரையீரல் மற்றவர்களைவிட நன்றாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். கடலின் உப்பு ஈரம் சளியை இளக்குகிறது என்ற யோசனை அங்கிருந்து வளர்ந்தது. அடர்ந்த உப்புக் கரைசலை நுண்துளிகளாக மூச்சில் இழுக்கும் சிகிச்சை பலன் தருவதைக் காட்டும் ஆய்வுகள் 2006 இல் வெளிவந்தன. அந்த நோய்க்காக ஒருவர் உப்புக்காற்றில் இரவெல்லாம் துடுப்புப் போடுகிறார் என்றால் ஏன் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் அறக்கட்டளைக்கு அப்படிப்பட்ட தொடர்பு இல்லையென்றால் வலிந்து உண்டாக்க வேண்டாம். அந்தக் குழந்தைகளுக்கு என்ன தேவை, எவ்வளவு பணத்தில் எது நடக்கும் என்று அறக்கட்டளையிடமே கேட்டு, அதை நேராகச் சொன்னால் போதும்.

சரி, இனி கடல்.

ஏரியில் 15 கிலோமீட்டர் போன கணக்கைக் கடலுக்கு அப்படியே பெருக்கிப் பார்க்க முடியாது. கடலில் தூரத்தைவிடக் காற்று எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம். ஹவாயில் மொலோகாய் தீவிலிருந்து ஒவாஹு தீவுக்கு 1997 முதல் நடக்கும் பந்தயம் 32 மைல், சுமார் 52 கிலோமீட்டர். கலிஃபோர்னியாவில் கேட்டலினா தீவிலிருந்து மன்ஹாட்டன் பீச் பாலம் வரை நடக்கும் பந்தயமும் 32 மைல்தான். அது 1955 இல் தொடங்கியது, இடையில் நின்று 1982 இல் மறுபடி உயிர்பெற்றது. தூரம் ஒன்று, கடல் வேறு. மொலோகாயில் வழக்கமாகக் கிழக்கிலிருந்து சீராக வீசும் வியாபாரக் காற்று முதுகில் தள்ளும். ஜேமி மிட்செல் 2002 முதல் 2011 வரை தொடர்ந்து பத்துத் தடவை அங்கே ஜெயித்தவர். படுத்தும் மண்டியிட்டும் வெறும் கையால் தண்ணீரை வலித்தே அந்தத் தூரத்தை ஐந்து மணி நேரத்துக்குள் முடித்திருக்கிறார். அதே காற்று எதிரே அடித்தால் அவருக்கும் அந்த நேரம் கிடைக்காது. அந்தக் கால்வாயின் பெயர் காஇவி. ஹவாய் மொழியில் எலும்பு என்று பொருள்.

ஆகவே எந்தப் பந்தயம் என்று தேர்ந்தெடுக்கும்போது, அந்த மாதத்தில் அந்த இடத்தில் வழக்கமாகக் காற்று எங்கிருந்து வரும், நீரோட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று முதலில் விசாரியுங்கள். நீரோட்டத்தை ஒரு சின்னக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். உங்கள் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர். நீரோட்டம் 2 நாட், அதாவது மணிக்கு 3.7 கிலோமீட்டர். அது எதிரே வந்தால் உங்களுக்கு மிஞ்சுவது மணிக்கு 2.3 கிலோமீட்டர்தான். பக்கவாட்டில் வந்தால், 10 கிலோமீட்டர் அகலத்தைக் கடப்பதற்குள் 6 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். பிமினி கடப்பிலும் இதுதான் நடக்கிறது. தீவிலிருந்து ஃபுளோரிடா கரை நேர்கோட்டில் பார்த்தால் இவ்வளவு தூரம் இல்லை. வளைகுடா நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போவதால் அதற்கு ஏற்ப வடக்கே தள்ளி முடிவிடம் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று: நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் இடத்தில் அலைகள் குறுகி, செங்குத்தாக எழும். ஒரே பலத்துக் காற்றில் காலையில் சுலபமாக இருந்த தண்ணீர், ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், திரும்பிய பிறகு நிற்கவே விடாமல் போகலாம்.

முதல் தடவை என்றால், மாறி மாறிப் போகும் குழுப் பிரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். மொலோகாய் பந்தயத்தில் அது உண்டு. இரண்டு பேர் சேர்ந்து 50 கிலோமீட்டர் போனாலும் திரட்டும் பணம் குறையப்போவதில்லை. இரண்டு பேருடைய நண்பர்களிடமும் கேட்கலாம் என்பதால் கூடவே செய்யும். தனியாகத்தான் போவேன் என்றால் அதுவும் நியாயமான ஆசைதான். ஆனால் முதல் வருடம் குழு, அடுத்த வருடம் தனி என்று போனவர்கள் கடலை நன்றாகப் படித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பலகை விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். நீண்ட தூரத்துக்கு 14 அடி நீளமே வழக்கம். அகலம் குறையக் குறைய வேகம் கூடும், நிலை குறையும். கடலுக்குப் புதியவர் 26, 27 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். ஏழாவது மணி நேரத்தில் தொடை நடுங்கும்போது அந்த ஓர் அங்குலத்தின் அருமை தெரியும். பந்தயப் பலகையை வாங்குவதாக இருந்தால் ஆறு மாதம் முன்பே வாங்கி அதிலேயே பழகுங்கள்.

பயிற்சியை நான் இரண்டாகப் பிரிப்பேன்: கடலில் கைகால் பழகுவது, உடம்பு பழகுவது. பலர் இரண்டாவதை மட்டும் செய்கிறார்கள். ஏரியில் 40 கிலோமீட்டர் போய்க் காட்டிவிட்டு, கடலில் முதல் ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை விழுந்து களைத்துப் போகிறார்கள். அதனால் முதல் மூன்று மாதம் தூரத்தை மறந்துவிட்டு, வாரம் ஒரு தடவையாவது துணையோடு கடலில் இறங்குங்கள். வேண்டுமென்றே விழுங்கள். இருபது தடவை விழுந்து இருபது தடவை ஏறுவது ஒரு நாள் பயிற்சியாகவே இருக்கட்டும். விழும்போது துடுப்பை விடாமல், பலகையின் மேல் மோதாமல் தட்டையாக விழப் பழக வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒரு கிலோமீட்டர் நீந்தும் தெம்பு உங்களுக்கு இருக்க வேண்டும் என்பது என் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு.

காலில் கட்டும் கயிற்றை, லீஷ் என்பார்கள், திறந்த கடலில் ஒரு நிமிடம்கூடக் கழற்றக் கூடாது. காற்றில் சிக்கிய வெறும் பலகை நீங்கள் நீந்துவதைவிட வேகமாக ஓடும். கடலில் உங்கள் முதல் படகு அந்தப் பலகைதான். லீஷை ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஒட்டும் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

துடுப்புப் போடும் முறையைப் பற்றி: கையால் இழுத்தால் 10 கிலோமீட்டர் போகலாம், 50 போக முடியாது. இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பி, துடுப்பை முன்னால் முழுசாக முக்கிய பிறகு பலகையை அதனிடம் இழுத்துக்கொண்டு போவதுபோல் நினைத்துச் செய்யுங்கள். பாதத்துக்குப் பக்கத்தில் வந்ததும் துடுப்பை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் இழுப்பது தண்ணீரை மேலே தூக்குகிற வேலைதான். அப்புறம், பலர் எதிர்பாராத ஒன்று: பக்கக் காற்றில் பலகை ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பதால், ஒரே பக்கமாக ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் துடுப்புப் போட வேண்டி வரும். தோள் வலி அங்கேதான் தொடங்கும். பயிற்சியில் இரண்டு பக்கமும் தனித்தனியாக இருபது நிமிடம் போட்டுப் பழகினால் உடம்பு தயாராகும்.

காற்று முதுகில் இருந்தால் அலையில் சறுக்கும் கலை தேவை. இதை நான் மிகவும் நேசிக்கிறேன், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பின்னால் திரும்பிப் பார்க்கும் ஆசை வரும், பார்க்காதீர்கள். உங்களுக்கு முன்னால் தண்ணீர் எங்கே பள்ளமாகிறது என்று பாருங்கள். பலகையின் மூக்கு தாழ ஆரம்பிக்கும் கணத்தில் மூன்று, நான்கு வேகமான இழுப்பு. பலகை ஓட ஆரம்பித்ததும் ஒரு கால் பின்னே வைத்து, துடுப்பை லேசாகத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு மூச்சு வாங்குங்கள். அந்த ஓய்வுதான் உங்கள் எரிபொருள். புதியவர்கள் எல்லா அலையையும் துரத்துவார்கள். ஒரு மணி நேரத்தில் இதயத் துடிப்பு உச்சத்துக்குப் போய்விடும். நாலில் மூன்றை விட்டுவிட்டு, தானாக வந்து தூக்கும் அலையை மட்டும் எடுக்கக் கற்றவர் கடைசி 15 கிலோமீட்டரில் அவர்களைத் தாண்டிப் போவார். இதைக் காகிதத்தில் கற்க முடியாது. காற்று இருக்கும் நாட்களில், தெரிந்தவரின் பின்னால் போய்ப் போய்த்தான் கண் பழகும்.

உடம்புப் பயிற்சிக்குக் கிலோமீட்டரை விட நேரத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 6, 7 கிலோமீட்டர் என்றால் 50 கிலோமீட்டருக்கு ஏழு முதல் எட்டரை மணி நேரம். காற்றும் கடலும் மோசமானால் ஒன்பது. பந்தயத்தின் கடைசி நேர வரம்பு எவ்வளவு என்றும் பாருங்கள். வாரத்தில் ஒரு நீண்ட பயணம், இரண்டு குறுகிய வேகப் பயிற்சி, ஒரு நாள் உடல் வலுப் பயிற்சி, இவ்வளவு போதும். நீண்ட பயணத்தை மெதுவாக நீட்டிக்கொண்டே போய், பந்தயத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்னால் ஆறு மணி நேரத்தைத் தொடுங்கள். முழுத் தூரத்தையும் முன்பே போய்ப் பார்க்கத் தேவையில்லை. சனிக்கிழமை நாலு மணி நேரம், ஞாயிறு களைத்த உடம்போடு மூன்று மணி நேரம் என்று அடுத்தடுத்துப் போவது ஒரே நாளில் ஏழு மணி நேரம் போவதைவிடப் பாதுகாப்பானது, பலனும் அதிகம். கடைசி இரண்டு வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வாரத்தில் புதிதாக எந்தத் தெம்பும் வராது, காயம் மட்டும் வரலாம்.

சாப்பாட்டில் எளிய விதி: பசி எடுப்பதற்கு முன்னால், அரை மணிக்கு ஒரு தடவை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து பெரும்பாலோருக்குத் தாங்கும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து எடுத்தால் பழகிய வயிறு 90 கிராம் வரை ஏற்கும். தண்ணீர் எவ்வளவு என்பதற்கு உங்களையே அளந்து பாருங்கள். ஒரு மணி நேரம் துடுப்புப் போடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒரு கிலோ ஏறத்தாழ ஒரு லிட்டர் வேர்வை. அதற்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, குழப்பமும் வாந்தியும் வரும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். உப்புச் சேர்ந்த பானம் கட்டாயம். கடல் நோய் மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் கேட்டு, பயிற்சியிலேயே ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும்.

வெயில், உரசல் இரண்டையும் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். அக்குளிலும் இடுப்பிலும் வாஸ்லீன், முழுக்கைச் சட்டை, கயிறு கட்டிய கண்ணாடி, தொப்பி. பாதம் மரத்துப்போகும், அது எல்லோருக்கும் வரும். விரல்களை மடக்கி விரித்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே என்றால் குளிர் உடை அவசியம். குளிர்ந்த நீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சு இரைப்பதைக் கட்டுப்படுத்தவே முடியாது. பலகையைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அவசரமாக ஏறப் பார்க்கக் கூடாது.

இப்போது துணைப்படகு. திறந்த கால்வாயைக் கடக்கும் பந்தயங்களில் இதைக் கட்டாயமாக வைத்திருப்பார்கள். கட்டாயமில்லாத இடத்திலும் நான் இல்லாமல் போக மாட்டேன். பலகைக்குச் செலவழிப்பதைக் குறைத்தாவது நல்ல படகோட்டியைப் பிடியுங்கள். அந்தக் கடலில் பழகியவராக இருக்க வேண்டும். பந்தயத்துக்கு முன் அவரோடு ஒரு தடவையாவது பயிற்சிக்குப் போங்கள். புகை உங்கள் முகத்துக்கு வராதபடி காற்றுக்குக் கீழ்ப்பக்கம் அவர் இருக்க வேண்டும். சாப்பாடு கொடுக்க நெருங்கும்போது எஞ்சினை நியூட்ரலில் போட்ட பிறகுதான் நீங்கள் பக்கத்தில் போக வேண்டும். படகில் வானொலிக் கருவி இருந்து, கடலில் ஆபத்து அழைப்புக்கான சேனல் 16 கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் உடம்பிலும் ஒரு விசிலும், நீர் புகாத உறையில் தொடர்புக் கருவியும் இருக்கட்டும். படகில் ஓட்டுநரைத் தவிர உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரும் வரவேண்டும். பேச்சு குழறுகிறதா, சொன்னதைத் திரும்பக் கேட்கிறீர்களா என்று அவருக்குத்தான் தெரியும்.

அந்த இரண்டு பேரிடமும் கரையில் வைத்தே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். நான் எழுதியே கொடுப்பேன். ஒரு மணி நேரத்தில் மூன்று கிலோமீட்டருக்குக் குறைவாக நகர்ந்தால், ஒரு மணி நேரமாக எதுவும் வயிற்றில் தங்காவிட்டால், என் பெயரையும் கிழமையையும் கேட்டுப் பதில் சரியாக வராவிட்டால், படகோட்டி சொன்ன உடனே ஏறிவிடுவேன்; மறுத்துப் பேச மாட்டேன். களைத்த மூளை கடலில் எடுக்கும் முடிவை நம்ப முடியாது. தெளிந்த மூளை கரையில் எடுத்த முடிவை அங்கே நிறைவேற்ற மட்டும் வேண்டும். நன்கொடையாளர்களிடம் நீங்கள் முன்பே எழுதிய அந்த ஒரு வரி இங்கேதான் உதவும். கடைசியாக நான் போன பந்தயத்தில் இன்னும் 9 கிலோமீட்டர் இருக்கும்போது இடி மேகம் திரண்டு, எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள். படகில் உட்கார்ந்தபோது வருத்தம் இருந்தது. பயமோ குற்ற உணர்வோ இல்லை. திரட்டிய பணம் அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே மருத்துவமனைக் குழந்தைகளுக்காகப் போய்ச் சேர்ந்திருந்தது.

பந்தயம் முடிந்த மறுநாள் உடம்பு முழுக்க வலிக்கும், அது சரியாகிவிடும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் அறிகுறி அது. ஒரு வாரத்துக்குள், கொடுத்த ஒவ்வொருவருக்கும் மொத்தத் தொகை எவ்வளவு, அறக்கட்டளை எந்தத் தேதியில் பெற்றுக்கொண்டது, அதை எதற்குச் செலவழிக்கப் போகிறது என்று எழுதி அனுப்புங்கள். முடித்தீர்களா இல்லையா என்பதையும் இரண்டு வரியில் சேர்த்துவிடலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. அறக்கட்டளைக்கு எழுதி அனுமதி கேளுங்கள், பதில் வர நாளாகும். அப்புறம், உங்களுக்கு எட்டும் தூரத்தில் கடலில் பேடில்போர்டு ஓட்டுபவர்கள் எந்த நாளில் சேர்ந்து இறங்குகிறார்கள் என்று விசாரித்து, முதல் தடவை அவர்களோடு போய் விழுந்து ஏறிப் பாருங்கள்.